மருந்து எடுத்தும் சி.டி.8 ஏன் இறங்கவில்லை?

கேள்வி
பதிவிட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சாப்பிட்டு வருகிறார். கணவர் வழியாக வந்த தொற்று. அவர் இறந்த பிறகுதான் அக்காளுக்குப் பரிசோதனையே செய்யப்பட்டது. அப்போது அவருடைய சி.டி.4 (எச்.ஐ.வி. தாக்கும் நோய்த்தடுப்புச் செல்கள்) எண்ணிக்கை 140க்கும் கீழே போயிருந்தது. அவருடைய சம்மதத்துடன்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்மையில் தனியார் ஆய்வகம் ஒன்றில் இரத்தம் கொடுத்தபோது, கேட்காமலேயே ஒரு விரிவான முடிவுத்தாளைக் கொடுத்தார்கள். அதில் சி.டி.4 612 என்றும், சி.டி.8 1,240 என்றும், இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.49 என்றும் அச்சாகியிருந்தது. விகிதத்தின் பக்கத்தில் மட்டும் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று தடித்த மையில் இருந்தது. அரசு மருத்துவமனையில் சி.டி.4 எண்ணிக்கையையும் வைரஸ் அளவையும் மட்டுமே சொல்வார்கள் என்பதால், இந்த மூன்றாவது எண்ணை நாங்கள் இதுவரை பார்த்ததே இல்லை. வைரஸ் அளவு கண்டறியப்படவில்லை என்றே தொடர்ந்து வருகிறது.

அக்காள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "வைரஸ் இல்லை என்கிறார்கள், பிறகு இத்தனை அணுக்கள் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகளோ வேறொன்று கேட்கிறாள். சி.டி.8 என்பது நோயுற்ற செல்லைக் கொல்லும் டி செல் என்றால், எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு அது வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும்போது, அந்த வைரஸை ஏன் அதனால் ஒழித்துக்கட்ட முடிவதில்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி
பதிவிட்டவர்: அரூர் விலங்கியல் ஆசிரியை

ஐயா, தங்கள் மகளின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார்.

எச்.ஐ.வி. உடலில் நுழைந்த முதல் சில வாரங்களில் சி.டி.8 செல்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்கின்றன. அந்தக் கட்டத்தில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பத்து லட்சத்தையும் தாண்டக்கூடிய வைரஸ், இந்தச் செல்கள் பெருகி வந்ததும் சரசரவென்று இறங்கி, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. சி.டி.8 செல்களின் எழுச்சியும் வைரஸின் இறக்கமும் ஒரே காலத்தில் நிகழ்வதை 1994இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அடக்குகின்றன, ஆனால் முடிக்க முடிவதில்லை. கேள்வி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலாவது, வைரஸ் தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் அதன் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதிக்குத் தான் எழுதியதைச் சரிபார்க்கும் திறன் கிடையாது. ஆகவே பிழைகள் மலிகின்றன. சி.டி.8 செல்லோ, நோயுற்ற செல்லின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. மூலக்கூறு ஏந்திக் காட்டும் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கைத்தான் அடையாளம் காண்கிறது. அந்தத் துணுக்கில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே அதற்கு ஆள் தெரியாமல் போகலாம். எச்.எல்.ஏ.-பி57, பி27 போன்ற வகைகளைப் பிறப்பிலேயே பெற்றவர்களிடம், வைரஸ் தனக்குத்தானே கேடு செய்துகொள்ளாமல் மாற்ற முடியாத பகுதிகளே பெரும்பாலும் காட்டப்படுகின்றன. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலரில், அதாவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களில், இந்த வகைகள் அடிக்கடி காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, சி.டி.8 செல்கள் நல்ல நிலையில் நீடிக்கச் சி.டி.4 செல்களின் துணை வேண்டும். அந்தத் துணைச் செல்களிலேயே, குறிப்பாக எச்.ஐ.வி.யை அடையாளம் காணக்கூடிய சி.டி.4 செல்களிலேயே, வைரஸ் அதிகமாக நுழைகிறது. எதிரியை அறிந்தவர்தான் முதலில் வீழ்கிறார் என்பது இந்த நோயின் கொடுமை.

மூன்றாவது, தொடர்ந்து தூண்டப்படுவதால் வரும் சோர்வு நிலை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் காலத்தில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். யானை இரண்டு இரவு வந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிட்டால், காவலர் தூங்கி எழுந்து, அடுத்த முறை அது வரும் வழியை நினைவில் வைத்துக்கொள்வார். யானை வரப்பிலேயே மாதக்கணக்கில் நின்றால் தகர டப்பாவைத் தட்டும் கை ஓயும், குரல் அடங்கும். சளிக்காய்ச்சல் போல வந்து போகும் தொற்றில் சி.டி.8 செல்கள் முதல் வகைக் காவலராக, அதாவது நினைவுச் செல்களாக மாறுகின்றன, எச்.ஐ.வி.யில் இரண்டாம் வகையாகிவிடுகின்றன. இந்தச் சோர்வு 1990களில் எலிகளைத் தாக்கும் ஒரு நாட்பட்ட வைரஸ் தொற்றில்தான் முதலில் விவரமாக அறியப்பட்டது. அது படிப்படியாக வருவது: இந்தச் செல்கள் சுரக்கும் செய்திப் புரதங்களில் முதலில் இன்டர்லூக்கின்-2 சுரப்பதும், செல் தானே பெருகுவதும் குறையும், பிறகு டி.என்.எஃப். என்ற புரதம் குறையும், கடைசியில்தான் இன்டர்ஃபெரான்-காமா குறையும். எண்ணிக்கையைப் பார்த்தால் செல்கள் இருக்கும், திறன் இருக்காது.


மறுமொழி
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற மருத்துவன், ஓசூர்

ஆசிரியை அம்மா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சோர்ந்துபோன செல் என்றவுடன் பயனற்ற செல் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 1999இல், எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. தொற்றிய ரீசஸ் குரங்குகளில் சி.டி.8 செல்களை எதிர்ப்புரதம் கொண்டு நீக்கிப் பார்த்தார்கள். நீக்கியதும் வைரஸ் மளமளவென்று ஏறியது. செல்கள் திரும்பி வந்ததும் இறங்கியது. சோர்ந்த நிலையிலும் அவை ஏதோ ஒரு அளவுக்குப் பிடித்துவைத்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தவிர, இந்தச் சோர்வை உடலின் தற்காப்பாகவும் பார்க்கலாம். கொல்லும் செல்கள் ஆண்டுக்கணக்கில் முழு வேகத்தில் இயங்கினால் கல்லீரலும் நுரையீரலும் தாங்கா.

இந்தச் சோர்ந்த செல்களின் மேல், செல்லின் வேகத்தை பிரேக் போல அடக்கும் பி.டி.-1 என்ற ஏற்பி ஒன்று மிகுதியாகத் தோன்றுகிறது. இதை 1992இல் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜேம்ஸ் அலிசனுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது. 2006இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் சி.டி.8 செல்களில் பி.டி.-1 எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வைரஸும் அதிகம், சி.டி.4 குறைவு என்று தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்த ஏற்பியின் வழியை அடைத்ததும் செல்கள் மீண்டும் பெருகத் தொடங்கின. நம் நாட்டில் பரவலாக இருக்கும் எச்.ஐ.வி.யின் சி துணைவகைதான் அங்கும் பரவியிருக்கிறது என்பதால், அந்த ஆய்வை நான் சற்றுக் கூடுதல் அக்கறையுடன் படித்தேன்.

இனி தங்கள் அக்காளின் கேள்வி. நான் பணியில் இருந்த காலத்தில் நோயாளிகள் கேட்ட கேள்விகளில் இது போலக் கூர்மையானவை குறைவு. அவருடைய 1,240 சி.டி.8 செல்களில் எச்.ஐ.வி.யை நேரடியாகக் குறிவைப்பவை சிறு பகுதிதான். மருந்து வைரஸை அடக்கியபின் அந்தப் பகுதி இன்னும் குறைந்துவிடும். மிச்சமுள்ள பெருங்கூட்டம் வேறு காரணங்களால் விழித்திருக்கிறது.

அந்தக் காரணங்களில் பெரியது குடலில் இருக்கிறது. உடலின் டி செல்களில் பெரும்பங்கு இரத்தத்தில் இல்லை, குடற்சுவரை ஒட்டிய நிணநீர்த் திசுவிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது. வைரஸ் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 ஏற்பியைக் கொண்ட நினைவுச் சி.டி.4 செல்கள் குடலில் நிறைந்திருப்பதால், தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அங்கே பேரழிவு நடந்துவிடுகிறது. குடற்சுவரின் கட்டுக்கோப்பைக் காக்கும் டி.எச்.17 என்ற சி.டி.4 துணைவகை குறிப்பாக இழக்கப்படுகிறது. அதன்பின் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருள்கள் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கசிகின்றன என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கசிவு நோய்த்தடுப்பு மண்டலத்தை நாள் முழுதும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. மருந்தால் இரத்தத்தின் சி.டி.4 எண்ணிக்கை தேறிய அளவுக்குக் குடலின் சி.டி.4 தேறுவதில்லை, ஆகவே கசிவு குறையுமே தவிர நின்றுவிடாது.

ஆப்பிரிக்காவில் வாழும் சூட்டி மாங்கபே என்ற குரங்கினத்தின் இரத்தத்தில் எஸ்.ஐ.வி. ஏராளமாக இருந்தும் அவை பெரும்பாலும் எய்ட்ஸ் நிலைக்குப் போவதில்லை. தொற்றிய சில வாரங்களில் அவற்றின் நோய்த்தடுப்பு மண்டலம் அடங்கிவிடுகிறது, குடற்சுவரும் கெடுவதில்லை. வைரஸ் மட்டுமல்லாமல், அதற்கு எதிராக ஓயாமல் எழும் கிளர்ச்சியும் சேர்ந்தே மனிதரைத் தேய்க்கிறது என்பதற்கு இயற்கை தந்த சான்றாக இதைக் கருதலாம்.

அடுத்தது சைட்டோமெகலோ வைரஸ். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் உடலில் இது சிறுவயதிலேயே நுழைந்து வாழ்நாள் முழுதும் உறங்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம், மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதும், இதைக் கண்காணிக்கும் சி.டி.8 செல்கள் மிகையாகப் பெருகி நிற்கின்றன. அவற்றில் பல, மேலும் பிரிந்து பெருக முடியாத முதிர்ந்த செல்கள்.

"வைரஸ் இல்லை" என்பதையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். கண்டறியப்படவில்லை என்றால், கருவி எண்ணக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள். ஓய்வில் இருக்கும் நினைவுச் சி.டி.4 செல்கள் சிலவற்றின் மரபணுவுக்குள் எச்.ஐ.வி. எழுதப்பட்டுக் கிடக்கிறது, 1997இல் இதை உறுதி செய்தார்கள். அந்தச் செல் வைரஸ் புரதம் எதையும் செய்யாததால், அதன் மேற்பரப்பில் காட்டிக்கொடுக்கும் துணுக்கும் இல்லை, பக்கத்திலேயே சி.டி.8 செல் நின்றாலும் அதற்குத் தெரியாது. இந்தத் தேக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் முழுதாக வடிய ஓர் ஆயுட்காலம் போதாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பி வருவது இங்கிருந்துதான்.

0.49 என்ற எண்ணைப் பற்றி: நலமாக உள்ளவர்களுக்கு இந்த விகிதம் வழக்கமாக 1க்கு மேல் இருக்கும். சி.டி.4 மிகவும் இறங்கிய பிறகு மருந்து தொடங்கியவர்களுக்கு, எண்ணிக்கை 600ஐத் தாண்டினாலும் விகிதம் பல ஆண்டுகள் 1க்குக் கீழேயே நிற்பது சாதாரணம். அது தங்கள் அக்காளின் குறையும் அன்று, மருந்தின் தோல்வியும் அன்று. இலவச மருந்துத் திட்டம் 2004இல் தொடங்கியபோது, எய்ட்ஸ் நோய்க்குறிகள் இல்லாதவர்களுக்குச் சி.டி.4 200க்குக் கீழ் இறங்கினால்தான் மருந்து. அந்த வரம்பு படிப்படியாக 350, 500 என்று உயர்ந்து, 2017 முதல்தான் எண்ணிக்கை எதுவாயினும் உடனே மருந்து என்றானது. உடனே தொடங்குவதே நல்லது என்று 2015இல் ஸ்டார்ட் ஆய்வு உறுதிப்படுத்தியிருந்தது. இன்று தொற்று கண்டவுடன் தொடங்குபவர்களின் விகிதம் எளிதாகத் தேறுவதை வைத்துத் தங்கள் அக்காளை ஒப்பிட வேண்டாம். குறைந்த விகிதம் உள்ளவர்களிடம் இதய நோயும் சில புற்றுநோய்களும் சற்று அதிகம் காணப்படுகின்றன என்று ஆய்வுகள் சொல்வதால், அந்த எண்ணுக்கு அந்த அளவில் மதிப்புக் கொடுத்தால் போதும்.


மறுமொழி
பதிவிட்டவர்: நம்பிக்கை மைய ஆலோசகர், தருமபுரி மாவட்டம்

மருத்துவர் ஐயா எழுதியதற்குப் பின் அறிவியலில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட முடிவுத்தாள் கையில் கிடைத்தவர்கள் அடுத்துச் செய்யும் காரியம் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று சொல்லி விற்கும் பொடியும் டப்பாவும் வாங்கி வந்துவிடுவார்கள். அதில் இரும்புச் சத்தோ கால்சியமோ கலந்திருந்தால், இப்போது பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படும் கூட்டு மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அவை அவசியமானால் மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும்; அல்லது அவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து மாத்திரை எடுக்க வேண்டும்.

மாத்திரைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சி.டி.4 நன்றாக உள்ளவர்களுக்கு இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்த்த ஸ்மார்ட் ஆய்வில், நிறுத்தியவர்களிடம் நோயும் இறப்பும் கூடியதால் அந்த ஆய்வையே 2006இல் பாதியில் நிறுத்தினார்கள். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.


மறுமொழி
பதிவிட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். குடல் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். தொடக்க காலத்தில் தமக்கு மாதக்கணக்கில் நிற்காமல் இருந்த வயிற்றுப்போக்கை அதனுடன் சேர்த்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. பி.டி.-1ஐ அடைக்கும் ஊசிகள் புற்றுநோய்க்குக் கிடைக்கின்றன என்று மகள் தேடிப் பார்த்துச் சொல்கிறாள். அவற்றை எச்.ஐ.வி.க்குக் கொடுத்து, சோர்ந்த செல்களை எழுப்ப முடியாதா? மேலும், ஆறு மாதத்திற்கு ஒரு முறை இந்த சி.டி.8 பரிசோதனையைச் செய்துகொண்டே இருக்க வேண்டுமா?


மறுமொழி
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற மருத்துவன், ஓசூர்

புற்றுநோய் வந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அந்த ஊசிகளைக் கொடுக்கிறார்கள். புற்றுநோயில் பலன் கிடைக்கிறது. எச்.ஐ.வி.யை ஒழிப்பதற்காக அவற்றைக் கொடுப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது. பி.டி.-1ஐ அடைத்தால் எச்.ஐ.வி.யைக் குறிவைக்கும் செல் மட்டும் எழுவதில்லை. தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்கக்கூடிய செல்களும் எழும். புற்றுநோயில் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்தத் துணிவு நியாயம். ஒரு மாத்திரையில் நலமாக இருக்கும் தங்கள் அக்காளுக்கு அது நியாயம் ஆகாது. தவிர, எழுந்த செல்லுக்கும் உறங்கும் வைரஸ் கண்ணில் படாது. தேங்கிக் கிடக்கும் வைரஸ்களில் பல, அந்தச் செல்கள் முன்பு அடையாளம் கண்ட துணுக்குகளை ஏற்கெனவே மாற்றிக்கொண்டவை.

டி செல்களை வெளியிலிருந்து தூண்டிப் பார்த்த பழைய முயற்சி ஒன்றையும் மகளிடம் சொல்லுங்கள். மருந்துடன் இன்டர்லூக்கின்-2 ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் சி.டி.4 எண்ணிக்கை நன்றாக ஏறியது; எல்லோரும் மகிழ்ந்தார்கள். எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2009இல் வெளிவந்தபோது, எண்ணிக்கை ஏறியவர்களுக்கு நோயும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை என்று தெரிந்தது. ஊசியால் கூடிய செல்கள் இரத்தத்தில் கணக்குக் காட்டினவே தவிர, நோயைத் தடுக்கவில்லை. அம்புக்குறிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்காததற்கு இந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

ஆகவே சி.டி.8 பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அந்த எண் மாறினாலும் மாறாவிட்டாலும் அவருக்குக் கொடுக்கும் சிகிச்சை மாறப்போவதில்லை. மையத்தில் பார்க்கும் வைரஸ் அளவு தவறாமல் நடந்தால் போதும். அந்தப் பணத்தையும் நேரத்தையும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கச் செலவிடுங்கள். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு இவற்றில் எது இருந்தாலும், எத்தனை நாளாக இருந்தாலும், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யத் தாமதிக்க வேண்டாம். காசநோய்க் கிருமியை நுரையீரலில் கட்டிவைப்பதும் இதே சி.டி.4 செல்கள்தான்.

பெண் என்பதால் இன்னொன்று. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸைப் பெரும்பாலான பெண்களின் டி செல்கள் ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடும். சி.டி.4 ஒரு காலத்தில் மிகவும் இறங்கியிருந்தவர்களிடம் அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே இதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறை இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தங்கள் அக்காளுக்கு இதுவரை அது செய்யப்படவில்லை என்றால், அடுத்து மருந்து வாங்கப் போகும் அன்றே மகளிர் மருத்துவப் பிரிவுக்கும் போய்வரச் சொல்லுங்கள். மருந்து மையத்தில் தந்த பச்சைப் புத்தகத்தில் முதல் சி.டி.4 எண் எழுதியிருக்கும் பக்கத்தை அங்குள்ள மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு அந்த எண்தான் பயன்படும்.